மலாயாவுக்கு வழி கேட்டவர்கள்

அடுத்தவர் பயணத்துக்கு நாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தொழிலுக்குத்தான் விசா ஏஜென்சி என்று பெயர். காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் மூன்றும் பார்க்கிறோம். போர்டில் ஏதோ நல்ல பெயராகத்தான் எழுதி வைத்தேன். ஊரில் எல்லாருக்கும் நான் ‘விசா ஆச்சி’. பக்கத்து மேஜையில் டிக்கெட் போடுகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பட்டமும் கிடையாது.

போட்டோவில் காது தெரியவில்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே, பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டதற்கு இனிஷியலைச் சொல்லி முழித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டில் பாதியை இந்தப் பக்கம் நானும் பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகமாகக் கேட்டு வருவது மலேசியாவுக்கு. வாயில் வருவது இன்னும் ‘மலாயா’தான். நாட்டின் பெயரை மாற்றாமலே வைத்திருக்கிற நம் ஜனங்களுக்கு, அந்த நாடு மாற்றி மாற்றிப் போட்ட சட்டத்தைச் சொல்லிப் புரிய வைப்பதில்தான் என் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது.

போக மட்டும்

லெட்சுமணன் செட்டியார் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தார். அந்தக் கடை இருந்த தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டுமென்று தன் மனைவியோடு வந்திருந்தார். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம் பதிவு செய்த சான்று, செலவுக்குக் கையிருப்பு எல்லாம் காட்ட வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னைப் பாத்தா ஒளிஞ்சு தங்குறவன் மாதிரியா இருக்கு?” என்றார்.

அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்க வேண்டியதுதான். இரண்டு கரையும் ஒரே வெள்ளைக்காரன் கையில் இருந்ததால் நம் ஆட்களை நிறுத்தி வைத்து யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நோய் நொடி இருக்கிறதா, அம்மை குத்தியிருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. முதலில் குறுக்கே கை நீட்டியதே நம் பக்கத்துச் சர்க்கார்தான். தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து அனுப்பக் கூடாது என்றது. உலகச் சண்டை முடிந்த பிற்பாடு அந்தக் கரையிலும் சட்டம் வந்தது. யார் வரலாம், என்ன தொழில், என்ன சம்பளம் என்று வரிசையாகக் கேட்டார்கள். அப்புறம், அங்கேயே கிடந்து பழகியவர்களும் குடியுரிமை இல்லையென்றால் வேலை பார்க்க பர்மிட் வாங்கவேண்டும் என்றார்கள். அப்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு.

இத்தனையும் பொறுமையாகச் சொல்லி, “அதனாலதாங்க, திரும்பி வருவோம்னு டிக்கெட்டைக் காட்டி நிரூபிக்கணும்” என்று முடித்தேன். செட்டியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எங்க பாட்டையா திரும்பி வர்ற டிக்கெட்டா எடுத்துக்கிட்டுப் போனாக? இங்க வீடு கட்டணும்னு நெனப்பு இருந்துச்சு, திரும்பி வந்தாக!”

மாஸ்டர் சம்சாரம்

காளீஸ்வரிக்குக் காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமம். முதல்முதலாக வந்தபோது ஒரு துணிக்கடைப் பையில் கல்யாணப் பத்திரிகை, கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு என்று வீட்டில் இருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்காரர் செல்வம், மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்யாணம் ஆன மறுமாதமே விமானம் ஏறியவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஊர் விருந்தும் கோயிலும் முடிவதற்குள் லீவு முடிந்துவிடும்.

அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை. மதுரையில் பார்த்த டாக்டரம்மா, இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லை, சேர்ந்து இருந்தாலே போதும் என்று சொல்லிவிட்டார். செல்வம் வேலையை விட்டு வந்தால் அதே பர்மிட் மறுபடி கிடைக்காது, ஊரில் அந்தச் சம்பளமும் கிடைக்காது. மாமியார் வீட்டிலோ, பையனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று காதில் விழும்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். காளீஸ்வரிக்கு வேண்டியது ஒன்றுதான்: வயது கடப்பதற்குள் புருஷனோடு சேர்ந்து இருக்கவேண்டும். அதற்கு மலேசியாவில் வழி இருக்கிறதா?

இல்லை என்பதை எப்படிச் சொல்ல? சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். பெரிய கம்பெனியில் பெரிய சம்பளத்துக்குப் போகிறவர்கள் மனைவி மக்களைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம். அடுப்படி, தோட்டம், கட்டடம் என்று தொழிலாளி பர்மிட்டில் போகிறவர்களுக்கு அது கிடையாது. பர்மிட் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அவள் ஆல்பத்தைத் திரும்பப் பையில் வைத்தாள், வைத்துவிட்டுக் கேட்டாள்: “கம்ப்யூட்டர்காரவுக சம்சாரம் மட்டுந்தான் சம்சாரமா ஆச்சி? பரோட்டா போடுறவுக சம்சாரம் என்ன, சாமானா?”

முடி வளராத நாடு

சிங்கம்புணரியிலிருந்து வந்த முருகேசன் நல்ல தொழில்காரர். அவர் கடையில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காது என்று என் வீட்டுக்காரரே சொன்னார். முருகேசனின் மச்சான் மலேசியாவில் ஈப்போ ஊரில் சலூன் வைத்திருந்தார். ஆள் போதவில்லை, உடனே வா என்று கூப்பிட்டிருக்கிறார். முருகேசன் கத்தரி, சீப்பு உட்பட எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

அந்தச் சமயம் பார்த்து முடிதிருத்துகிற வேலைக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். நகை வேலை, ஜவுளிக்கடை வேலையும் அதே கதி. ‘அந்தத் துறை மூடியிருக்கு, தோட்டத்துறை திறந்திருக்கு’ என்று நாங்கள் கோயில் நடை மாதிரி சொல்லுவோம். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இடையில் யாரோ ஒரு புண்ணியவான் முருகேசனிடம், எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கென்று போய் இறங்கிவிடு, அப்புறம் சலூனுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வழி சொல்லியிருக்கிறார். அப்படி மாறினால் பிடிபட்டு உள்ளே இருக்கவேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

மனிதர் யோசித்தார். எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, நிஜமாகவே விவரம் கேட்கிறவர் மாதிரி கேட்டார்: “அப்ப அங்க உள்ளவுகளுக்கு முடி வளர்றதையும் நிப்பாட்டிட்டாகளா ஆச்சி?”

எட்டாவது வரைக்கும்

ஈ.சி.ஆர். என்றால் சென்னைக்காரர்களுக்குக் கடலோரம் போகிற ரோடு. எங்கள் தொழிலில் அது பாஸ்போர்ட்டில் விழுகிற ஒரு முத்திரை. பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், நம் சர்க்காரிடம் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு போகவேண்டும். மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல எண்ணத்தில் வைத்த சட்டம்தான். படிக்காத ஆட்களைப் போலி ஏஜென்டுகள் ஏமாற்றி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக.

இதைச் சாக்கோட்டை வெள்ளைச்சாமியிடம் சொன்னேன். நெல் வியாபாரி. படிப்பு எட்டாவது. சொந்தக்காரர் ஒருவரின் அரிசி மண்டியைப் போய்க் கவனித்துக்கொள்ள வேலை விசா வந்திருந்தது. படிக்காதவர்களை யாரும் ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நான் விளக்க, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “எட்டாவது படிச்சவன் ஏமாந்துருவான்னு எந்த மகராசன் சொன்னது? இன்னைத் தேதி வரைக்கும் என்னைய ஏமாத்துன பயலுக அம்புட்டுப் பேரும் பத்தாவது பாஸ்!”

ஈப்போ டீச்சர்

நடுவில் காளீஸ்வரி சும்மா இருக்கவில்லை. சுற்றுலா விசாவுக்காவது போட்டுப் பார்க்கலாம் என்றாள். போட்டோம். காரணம் எதுவும் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொன்னால் சண்டையாவது போடலாம். நிராகரிப்புத் தாளை வாங்கிக்கொள்ள அவள் வந்திருந்த அன்று என் ஆபீசில் இன்னொரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஈப்போவிலிருந்து வந்த ரிட்டையர்டு டீச்சர். ஊர் திரும்புகிற டிக்கெட்டைத் தேதி மாற்ற வந்தவர்.

பேச்சுவாக்கில் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா பள்ளத்தூர்க்காரர், ஈப்போவில் கடை. மூன்று வருஷம் அங்கே, கொஞ்ச நாள் இங்கே என்று இருந்தவர். முதல் மனைவியும் மகனும் ஊரில். மலாயா விடுதலையான கையோடு அங்கே குடிநுழைவுச் சட்டத்தை இறுக்கினார்களாம். சேர்ந்தாற்போலச் சில வருஷம் புருஷனை விட்டுத் தனியாக இருந்த மனைவி இனி வரமுடியாது. இன்ன வயதைத் தாண்டிய பிள்ளையும் வரமுடியாது. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டம் எழுதினவருக்கு அது பந்தம் விட்டுப்போனதாகத் தெரிந்திருக்கிறது. அந்த முதல் மனைவி கடைசிவரை கப்பல் ஏறவே இல்லை. அப்பா அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். இந்த டீச்சர் அந்த இரண்டாந்தாரத்து மகள். பெரியம்மா இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். “அந்தச் சட்டத்த நான் எப்படித் திட்டுறது சொல்லுங்க? அது இல்லன்னா நான் பொறந்தே இருக்க மாட்டேன்” என்றார்.

காளீஸ்வரி நிராகரிப்புத் தாளை மடித்துக்கொண்டே இருந்தாள், மடிக்க இடமில்லாமல் போகிற வரைக்கும். டீச்சர் போன பிறகு சொன்னாள். “சட்டம் மாறுற வரைக்கும் நான் பொறுத்துக்கிருவேன் ஆச்சி. என் வயசு பொறுக்காதே.”

விசா வேண்டாம்

அப்புறம் ஒரு நாள் அந்த அறிவிப்பு வந்தது. இந்தியர்கள் முப்பது நாள் வரை மலேசியாவுக்கு விசா இல்லாமலே வந்து போகலாம். ஊரெல்லாம் சந்தோஷம், என் பிழைப்பில் மண். என் வீட்டுக்காரர் செய்தியைப் படித்துவிட்டு, “உமையா, போர்டுல விசாவ அழிச்சிட்டு ஜெராக்ஸ்னு எழுதிருவமா?” என்றார். அவருக்குச் சிரிப்பு.

மறுநாளே காளீஸ்வரி வந்துவிட்டாள். அவளை உட்கார வைத்து ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். விசா வேண்டாம் என்றால் கேள்வி இல்லை என்று அர்த்தமில்லை. முன்பு இங்கேயே வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ‘முடியாது’வை இனிமேல் கோலாலம்பூர் வரை போய் வாங்கலாம் என்று அர்த்தம். இறங்கிய இடத்திலேயே சந்தேகம் வந்தால் ஒரு அறையில் உட்கார வைத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பிறகு மறுபடி போவது லேசில்லை. அவளுக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புத்தான்.

திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம், செலவுப் பணம், கிளம்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் போடுகிற வருகைப் பதிவு எல்லாம் சரியாகச் செய்து கொடுத்தோம். செல்வமும் அங்கே முதலாளியிடம் சொல்லி லீவு வாங்கி, கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் ஓர் அறை பிடித்துவிட்டார். இன்னொரு ஏஜென்ட், புருஷன் அங்கே இருப்பதாக மூச்சு விடாதே, இரட்டைக் கோபுரம் பார்க்க வந்தேன் என்று சொல் என அவளுக்கு யோசனை சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். பொய் சொன்னால் அடுத்த கேள்விக்கும் பொய் வேண்டும். உள்ளதைச் சொல் என்றேன். அவள் அதற்குமேல் ஒரு படி போனாள்: “கட்டுன புருஷனப் பாக்கப் போறேன்னு சொல்ல எனக்கு என்னங்க வெக்கம்?”

இங்குட்டுத்தான்

முதல் தடங்கல் திருச்சியிலேயே வந்தது. பயணம் கிளம்புகிற ஆளைப் பார்த்து ‘எங்கே போறீக’ என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. கேட்டவர்களுக்கு ‘சும்மா இங்குட்டுத்தான்’ என்று மழுப்பிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும்.

காளீஸ்வரி வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக் கிளம்பி வந்தவள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி தமிழர், தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார்: “எங்கம்மா போறீங்க?” இவளுக்குப் பகீரென்று ஆகிவிட்டது. வாயில் தானாக வந்தது: “சும்மா இங்குட்டுத்தாங்க.” அதோடு விட்டாளா? பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு, பின்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றிருக்கிறாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த அதிகாரிக்கும் அம்மா ஊர் எங்கள் பக்கமாகத்தான் இருக்கவேண்டும். முத்திரையைக் குத்திவிட்டுச் சொல்லியிருக்கிறார்: “தப்பு எம்மேலதான் தாயி, கேட்டிருக்கக் கூடாது. நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

ஒரே சொல்

அன்று மத்தியானம் செல்வம் எனக்குப் போன் செய்தார். விமானம் இறங்கிவிட்டது, கூட வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், காளீஸ்வரியைக் காணோம். அந்த அறைதான் என்று புரிந்துவிட்டது. பொறுங்கள் என்று அவரிடம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. உண்மையைச் சொல் என்று அனுப்பியவள் நான். இரட்டைக் கோபுரமென்றே சொல்லச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பிரித்து முன்னால் வைத்தார். கை போகவில்லை.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். கணவர் இங்கே வேலை பார்க்கிறார், அவரைப் பார்க்க வந்தேன் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். விவரம் கேட்பதற்காக ஒரு தமிழ் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வந்தவர் ஒரு பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். “கணவரோட சேர்ந்து இருக்கீங்களா, பிரிஞ்சு இருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறார். காளீஸ்வரி உள்ளதைச் சொன்னாள்: “பிரிஞ்சுதாங்க இருக்கோம்.” எவ்வளவு நாளாக? “கல்யாணம் ஆனதுலேருந்தே.”

தமிழ் தமிழ்தான்; நடுவில் கடல் கிடக்கிறதே. அந்த அதிகாரிக்குப் பிரிந்திருப்பது என்றால் சண்டை போட்டுக்கொண்டு விலகுவது, விவாகரத்துக்கு முந்திய படி. எங்கள் ஜில்லாவிலோ பாதி வீடு பிரிந்திருக்கிற வீடுதான். புருஷன் மலேசியாவிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ, பெண்டாட்டி ஊரில். அதில் சண்டையும் இல்லை, வக்கீலும் இல்லை, வாரத்துக்கு ஏழு நாளும் வீடியோ காலில் பேச்சு உண்டு. ஆனால் கல்யாணத்தன்றே புருஷனை விட்டு விலகிய ஒருத்தி, இப்போது முப்பது நாள் தங்க ஒரு பெட்டியும் இட்லிப்பொடியுமாக வந்து நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? வேலைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப்படுகிறவர்களோடு உட்கார வைத்துவிட்டார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் அதிகாரியே மறுபடி வந்தார். மனசு கேட்கவில்லை போலும். பிரிந்திருக்கிற புருஷனைத் தேடி எதற்கம்மா வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். காளீஸ்வரிக்கு அழுகை, கோபம் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. “சேந்து இருந்தா நான் எதுக்குங்க வாரேன்? அவுக இங்க பரோட்டா போடுறாக, நான் அங்க வயலப் பாக்குறேன். நீங்கதான கூட வச்சுக்கிற விட மாட்டேங்கிறீக? பிரிச்சு வச்சதும் நீங்க, ஏன் பிரிஞ்சிருக்கன்னு கேக்குறதும் நீங்களா? எனக்கு ஒரு பிள்ள வேணும்ங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

அந்த அதிகாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணப் போட்டோ, செல்வத்தின் பர்மிட் நகல், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். எழுந்து போய் மேலதிகாரியிடம் வெகுநேரம் பேசியிருக்கிறார். திரும்பி வந்தபோது பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இருந்தது. கதவு வரை கூடவே வந்து, இனி யாராவது கேட்டால் பிரிந்திருக்கிறோம் என்று சொல்லாதீர்கள், ‘தூரமா இருக்கோம்’ என்று சொல்லுங்கள் என நல்லதுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். காளீஸ்வரி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாளாம்: “அய்யய்யோ, எங்க ஊருல தூரம்னா பொம்பளைகளுக்கு மாசாமாசம் வர்றதுங்க! எங்க வீட்டுக்காரவுகளையும் சேத்து அப்படிச் சொல்ல முடியுமா?”

டிக்கெட் ரத்து

முப்பது நாள் முடிவதற்குள் காளீஸ்வரி சொன்னபடி திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் நேராக என்னிடம்தான் வந்து இந்தக் கதையெல்லாம் சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. அடுத்த தடவைக்கும் இப்போதே ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள் ஆச்சி, இந்த முறை வாயை அளந்து பேசுவேன் என்றாள். போட்டுக் கொடுத்தோம்.

போன வாரம் அவள் மறுபடி வந்தாள். மாடிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். கூட மாமியார். அந்த மாமியார்தான் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனைப் பெரிசாக வைக்கச் சொன்னார். என்னம்மா என்றேன். “அந்த டிக்கெட்ட ரத்து பண்ணிருங்க ஆச்சி. டாக்டரம்மா இப்பப் பயணம் போகக் கூடாதுன்னுட்டாக” என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. டிக்கெட் ரத்தானதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான். என் வீட்டுக்காரர் கீழே போய் லட்டு வாங்கி வந்தார்.

லட்டை வாயில் போட்டுக்கொண்டே காளீஸ்வரிக்கு ஒரு கவலை வந்தது. செல்வம் பிள்ளை பிறந்த பிறகுதான் லீவில் வரமுடியும். அதற்கு முன்னால், டாக்டரம்மா சரியென்று சொன்னால், இன்னொரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர அவளுக்கு ஆசை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அப்பப் போனா, உள்ள இருக்கதுக்கும் தனியா பாஸ்போர்ட் கேப்பாகளா ஆச்சி?”

இத்தனை வருஷமாக எத்தனையோ சட்டம் போட்டவர்களுக்கு அந்தக் கேள்வி மட்டும் இன்னும் தோன்றவில்லை என்பதுதான் என் தொழிலில் நான் யாருக்கும் சொல்லக்கூடிய ஒரே நல்ல சேதி.